ஓநாய்ச் சிலந்தி: பேர் எங்கிருந்து வந்துச்சு?

கோத்தகிரில எங்க தேயிலைத் தோட்டத்துல ராத்திரி டார்ச்ச நெத்தியோட ஒட்டிப் பிடிச்சு தரையப் பாத்தா, புல்லுக்குள்ள பனித்துளி மாதிரி பச்சையா மின்னும். கிட்ட போனா அது துளி இல்ல, சிலந்தியோட கண்ணு. எட்டு கண்ணு அதுக்கு, முன்னாடி ரெண்டு நல்லா பெருசு. இதத்தான் ஓநாய்ச் சிலந்தின்னு சொல்றாங்க.

இதோட குடும்பத்துக்கு லைகோசிடேன்னு பேர், 1833ல சுண்டெவால்ங்குற சுவீடன் நாட்டு விலங்கியலாளர் வச்சது, கிரேக்கத்துல லைகோஸ்னா ஓநாய். ஆங்கிலத்துலயும் அதையே உல்ஃப் ஸ்பைடர்னு சொல்றாங்க, தமிழ்ல ஓநாய்ச் சிலந்தி ஆயிடுச்சு. நமக்குச் சிலந்தின்னாலே வலைதான், ஆனைக்காவுல சிவனுக்குப் பந்தல் போட்டதும் வலை பின்னுற சிலந்திதானே, ஆனா இதுல பெரும்பாலானது வலை கட்டாது, ஓடிப் பாஞ்சு பிடிக்கும், அதனாலதான் ஓநாய். நம்ம மலைல செந்நாய்தான இருக்கு, செந்நாய்ச் சிலந்தின்னு வைக்கலாமேன்னு நானும் யோசிச்சிருக்கேன், ஆனா ஓநாயாவது செந்நாயாவது ரெண்டும் கூட்டமா வேட்டையாடுற சாதி, இது தனி ஆளு, ஒப்புமை அந்தப் பாய்ச்சல்ல மட்டும்தான். வேட்டைச் சிலந்தின்னு சொன்னா வலை கட்டாத மத்த சிலந்திகளும் அதுல சேந்துடும். அதனால ஓநாய்ச் சிலந்தியே இருக்கட்டும்.

டாரண்டுலான்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தப் பேரு இத்தாலில டாரண்டோ ஊர்லருந்து வந்தது, முதல்ல அது ஓநாய்ச் சிலந்தி ஒன்னுக்குத்தான் இருந்துச்சு, அப்புறம்தான் ரோமம் அடர்ந்த பெரிய சிலந்திகளுக்குப் போச்சு. அந்தப் பேரக் கேட்டதும் விஷம்னு பயந்து அடிச்சுடுறாங்க. இது கடிச்சா வலிக்கும், உசுருக்கு ஆபத்து இல்ல.

அடிச்சா நஷ்டம் நமக்குத்தான். தமிழ்நாட்டு நெல் வயல்ல இருக்குற பார்டோசா சூடோஅன்னுலேட்டாங்குற வகை, நெல்லுச் சாற உறிஞ்சுற பூச்சிங்களான புகையானையும் தத்துப்பூச்சியையும் பிடிச்சுத் தின்னும், கண்ட மருந்தையும் அடிச்சா முதல்ல இதுதான் சாகும், புகையான் திரும்ப வந்து பெருகிடும். மலைலயும் சருகுக்குள்ள பூச்சியத் தின்னு வாழுது, தவளையும் குருவியும் இதத் தின்னு வாழுது.

பேர்ல வராத ஒன்னு இருக்கு. முட்டைப் பைய பின்னாடி ஒட்டிக்கிட்டே இழுத்துட்டுத் திரியும், பொரிஞ்சதும் தாயே பையக் கிழிச்சு விடும், குஞ்சு எல்லாம் முதுகுல ஏறிக்கும். போன மழைல எங்க வாசல்ல ஒருத்தர் செருப்பால அடிச்சப்போ, அந்தச் சாம்பல் முதுகு அப்படியே உடைஞ்சு பொடிப்பொடியா நாலா பக்கமும் ஓடுச்சு. ஓடுனது அத்தனையும் குஞ்சு.