ஒரு நொடியில் எப்படி முடிகிறது ஸ்னாப்ஷாட்?

100 ஜிபி டிஸ்க் உள்ள மெய்நிகர் கணினியை (ஒரு கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் இன்னொரு கணினி) நகலெடுக்க நிமிடக்கணக்கில் ஆகும். அதற்கே ஸ்னாப்ஷாட் எடுத்தால், அதாவது பின்னால் திரும்பி வர வசதியாக அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைத்தால், கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. காரணம், அந்த நொடியில் டிஸ்கில் இருந்து எதுவும் நகலெடுக்கப்படுவதே இல்லை.

மெய்நிகர் கணினியின் டிஸ்க், வெளியே இருந்து பார்த்தால் பெரிய கோப்புதான். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் அந்தக் கோப்பில் எழுதுவது நிறுத்தப்பட்டு, அதன்மேல் காலியான புதுக் கோப்பு ஒன்று வைக்கப்படுகிறது. இனி வரும் மாற்றங்கள் எல்லாம் புதுக் கோப்புக்கே போகும். கியூகவ்2 என்ற டிஸ்க் வடிவம் வழக்கமாக 64 கேபி துண்டுகளாகக் கணக்கு வைக்கிறது. ஒரு துண்டில் 4 கேபி மட்டும் மாறினால், மீதி 60 கேபியைப் பழைய கோப்பிலிருந்து எடுத்துச் சேர்த்து முழுத் துண்டாக எழுதும். படிக்கும்போது முதலில் புதுக் கோப்பின் அட்டவணையில் தேடும். அங்கே இல்லையென்றால் பழையதற்குப் போகும்.

ஓடிக்கொண்டிருக்கும் நிலையையும் காப்பாற்ற வேண்டுமென்றால் ரேமில் உள்ளதையும் எழுதியாக வேண்டும். 8 ஜிபி ரேம் என்றால் ஏறக்குறைய அதே அளவு கோப்பு. நேரம் பிடிப்பது இங்கேதான். ரேமை விட்டுவிட்டால், பின்னால் அந்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது கணினி திடீரென மின்சாரம் போனது போன்ற நிலையில் எழும். தரவுதளம் பாதி எழுதிய நிலையில் மாட்டியிருக்கலாம். அதனால்தான் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது லினக்ஸில் கோப்பு முறைமையைச் சில கணங்கள் உறைய வைக்கிறார்கள், அதாவது எழுதுவதை நிறுத்திவைக்கிறார்கள். விண்டோஸில் விஎஸ்எஸ் (வால்யூம் ஷேடோ காப்பி) சேவை அந்த வேலையைச் செய்கிறது. இந்தச் சில கணங்களைத் தவிர்க்காதீர்கள் என்று கெஞ்சியே சொல்வேன்.

பலர் பயப்படுவது ‘ஸ்னாப்ஷாட்டை நீக்கு’ என்ற கட்டளைக்கு. அதனால் இன்றைய தரவு அழியாது. புதுக் கோப்பில் சேர்ந்த மாற்றங்கள் அடியில் உள்ள பழைய கோப்போடு (அடிக்கோப்பு) இணைக்கப்படும், அவ்வளவுதான். அழிவு நேர்வது ‘முந்தைய நிலைக்குத் திரும்பு’ என்பதில். அப்போது, ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எழுதிய எல்லாம் போய்விடும்.

இதைக் காப்புநகலாக நம்பக் கூடாது. அடிக்கோப்பு கெட்டால், மேலே உள்ள கோப்பில் இருப்பது தொடர்பற்ற துண்டுகள் மட்டுமே. நாளாக நாளாக அந்த மேல் கோப்பு ஊதிக்கொண்டும் போகும். சேமிப்பகம் நிரம்பினால் மெய்நிகர் கணினியே நின்றுவிடும். ஒரே ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று மெய்நிகர் கணினி மென்பொருள் தயாரிக்கும் விஎம்வேர் அறிவுறுத்துவது இதனால்தான்.