கம்பெனி உங்களுடையதுதான், சரி. விலகும் அன்று பணம் யார் தருவார்?

ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் பதினொரு வருடம் உழைத்துவிட்டு வெளியே வந்த ஒருவர், சில மாதங்கள் கழித்து ஒரு காக்கி உறையோடு என்னைப் பார்க்க வந்தார். உறைக்குள் பங்குச் சான்றிதழ், ஆண்டுவிழாவில் கொடுத்த வாழ்த்து மடல், நாற்பது பக்க ஒப்பந்தம். கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. மற்ற பக்கங்களை அவர் புரட்டியதே இல்லை என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்தது. "நானும் ஒரு ஓனர்தான் சார், எல்லா மீட்டிங்லயும் அப்படித்தான் சொல்வாங்க. இப்ப பங்கை எடுத்துக்கிட்டுப் பணத்தைக் கொடுங்கன்னு கேட்டா, பார்க்கலாம்ங்கறாங்க" என்றார். இருபத்து மூன்றாம் பக்கத்தில் விஷயம் இருந்தது. விலகும் ஊழியரின் பங்கை நிறுவனம் "விரும்பினால்" திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வெளியாளுக்கு விற்பதென்றால் இயக்குநர் குழு அனுமதிக்க வேண்டும். விலை, கடைசியாக நடந்த மதிப்பீட்டின்படி. அந்தக் கடைசி மதிப்பீடு நடந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

"விரும்பினால்" என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆடிட்டர். நிலம், கட்டடம், தரகு என்று தொழில் செய்துகொண்டு ஊழியர்களுக்கும் பங்கு கொடுக்கிற நிறுவனங்களின் கணக்குகள் என் மேசைக்கு நிறைய வந்து போயிருக்கின்றன. அவற்றின் "எங்கள் வரலாறு" பக்கத்தை எல்லாம் ஒரே ஆள் எழுதினாரோ என்று தோன்றும். நிறுவனர் ஒற்றை அறையில் ஆரம்பித்தார், நேர்மையால் வளர்ந்தார், ஓய்வு பெறும்போது வாரிசுக்கோ போட்டியாளருக்கோ விற்காமல் தன்னோடு உழைத்தவர்களிடமே ஒப்படைத்தார். அதில் பெரும்பாலும் பொய் இருக்காது. ஆனால் ஒப்படைத்தார் என்ற இடத்தில் ஒரு விற்பனை நடந்திருக்கிறது, நிறுவனருக்கு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது, அந்த விலை எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்றுப் பக்கம் சொல்வதில்லை.

ஈசாப் (ஊழியர் பங்குரிமைத் திட்டம்) என்ற ஏற்பாட்டின் ஆரம்பமே அப்படிப்பட்ட ஒரு கைமாற்றம்தான். 1956-இல் கலிபோர்னியாவில் பெனின்சுலா நியூஸ்பேப்பர்ஸ் என்ற பத்திரிகை நிறுவனத்தின் உரிமையாளர்களுக்கு வயதாகிவிட்டது, விற்றுவிட்டு ஒதுங்க வேண்டும். ஊழியர்களுக்கு வாங்க ஆசை, கையில் காசில்லை. லூயிஸ் கெல்சோ என்ற வழக்கறிஞர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊழியர்கள் பெயரில் ஒரு டிரஸ்ட் வைத்து, அது பங்குகளை வாங்கிக்கொள்ளட்டும், விலையை நிறுவனத்தின் வருங்கால லாபத்திலிருந்து அடைத்துவிடலாம். ஊழியர் சட்டைப்பையில் கை வைக்க வேண்டியதில்லை. 1974-இல் வந்த அமெரிக்க ஓய்வூதியச் சட்டம் இதற்கு முறையான இடம் கொடுத்தது, ஈசாப் என்ற பெயரும் நிலைத்தது. பிரிட்டனில் 2014 நிதிச் சட்டம் இதே போன்ற ஒரு டிரஸ்டுக்கு வரிச்சலுகை கொடுத்தது. பாதிக்கு மேல் பங்கை டிரஸ்டுக்கு விற்கும் உரிமையாளருக்கு மூலதன ஆதாய வரியே இல்லை என்றிருந்தது, 2025 நவம்பர் பட்ஜெட்டில் அந்தச் சலுகையைப் பாதியாக்கிவிட்டார்கள். இதைக் கேட்டதும் ஊழியர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். லாபத்திலிருந்து அடைப்பது என்றால் முதல் சில வருடங்களின் லாபம் பழைய முதலாளிக்குப் போகிறது, கடன் தீரும்வரை உங்கள் பங்கின் மதிப்பு மெலிந்துதான் இருக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, வாங்கிய பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாமா? முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரியல் எஸ்டேட்டில் இந்தக் கைமாற்றம் எப்படி நடக்கும் என்பதற்கு, இன்று சிபிஆர்இ என்று உலகமெங்கும் தெரிந்த நிறுவனத்தின் கதையை நான் அடிக்கடி சொல்வேன். 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் நகரம் தரைமட்டமானது. நொந்து கிடந்தவர்களின் சொத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி அதிக விலைக்கு விற்ற தரகர்களைப் பார்த்து வெறுத்துப்போன கோல்பர்ட் கோல்ட்வெல் என்ற இளைஞர், வாடிக்கையாளருக்கு நேர்மையாக இருக்கும் தரகு நிறுவனம் ஒன்றைக் கூட்டாளிகளோடு தொடங்கினார் என்பது அந்த வம்சம் சொல்லிக்கொள்ளும் வரலாறு. விழுமியம் என்றால் இப்படித்தான் ஒரு நிகழ்விலிருந்து பிறக்க வேண்டும், நல்ல கதை. அதற்கப்புறம் நடந்ததையும் பாருங்கள். 1981-இல் சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனம் அதை வாங்கியது. 1989-இல் வணிகக் கட்டடங்களைக் கையாளும் பிரிவை ஊழியர்களும் வெளி முதலீட்டாளர்களும் சேர்ந்து வாங்கினார்கள். 1996-இல் பங்குச்சந்தைக்குப் போனது. 2001-இல் ஒரு முதலீட்டு நிறுவனமும் நிர்வாகிகளும் ஊழியர்களும் சேர்ந்து சந்தையிலிருந்து திரும்ப எடுத்தார்கள், 2004-இல் மறுபடியும் சந்தை. ஊழியர்கள் பங்கு வைத்திருந்த காலம் அந்த நீண்ட வரலாற்றில் வந்து போன ஒரு கட்டம்தான். உங்கள் நிறுவனம் இன்றைக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த கைமாற்றம் வந்தால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்பார்களா?

பெரும்பாலும் கேட்க மாட்டார்கள், அல்லது கடைசியில் கேட்பார்கள். சந்தையில் பட்டியலிடப்படாத அமெரிக்க ஈசாப் நிறுவனங்களில், இணைப்பு, கலைப்பு, ஏறக்குறைய மொத்தச் சொத்தையும் விற்பது போன்ற பெரிய முடிவுகளுக்குத்தான் ஊழியர் வாக்கு சட்டப்படி கட்டாயம். இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பது உட்பட மற்றதற்கெல்லாம் டிரஸ்டை நிர்வகிக்கும் டிரஸ்டிதான் வாக்களிப்பார். லாபம் உங்கள் கணக்கில் சேரும், ஸ்டியரிங் வேறொருவர் கையில் இருக்கும். இதற்கு நேர் எதிரான அமைப்பு கேரளத்தில் இருக்கிறது. 1925-இல் சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் தூண்டுதலால் வடகரைப் பக்கம் கூலித் தொழிலாளர்கள் சிலர் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், சாலையும் பாலமும் போட்டு வளர்ந்து, கோழிக்கோட்டில் சொந்தமாக ஐடி பூங்கா கட்டும் அளவுக்கு வந்துவிட்டது. கூட்டுறவு என்பதால் ஒருவருக்கு ஒரு வாக்கு, நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேயும் வேலை செய்கிற எல்லாரும் உறுப்பினர்கள் கிடையாது. ஆனால் உறுப்பினர் யார், அல்லாதவர் யார் என்பதில் குழப்பம் இல்லை.

குழப்பம் இருப்பது தரகு நிறுவனங்களில். இந்தத் துறையில் அடிக்கடி தலை தூக்கும் ஒரு சிக்கல் இது, மற்ற துறை நண்பர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டுகள் பல இடங்களில் சட்டத்தின் பார்வையில் ஊழியர்களே கிடையாது. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 3508-ஆம் பிரிவு, உரிமம் பெற்று, கமிஷன் அடிப்படையில், எழுத்து ஒப்பந்தத்தோடு வேலை செய்யும் ஏஜென்ட்டுகளை வரி விஷயத்தில் ஊழியர் அல்லாதவர் என்றே கணக்கில் வைக்கிறது. ஈசாப் ஊழியர்களுக்கானது. ஆக, "இது ஊழியர்களுக்குச் சொந்தமான நிறுவனம்" என்று பலகை வைத்த இடத்தில், வெயிலில் அலைந்து வீடு காட்டி வருமானத்தைக் கொண்டுவருகிறவருக்கு ஒரு பங்குகூட இல்லாமலும், உள்ளே கணக்கு எழுதுகிறவருக்குப் பங்கு இருக்கவும் வாய்ப்பு உண்டு. கமிஷன் ஏஜென்ட்டாகச் சேருகிறீர்கள் என்றால் முதல் நாளே, "இந்த ஊழியர் என்ற சொல்லில் நானும் வருகிறேனா?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நியமனக் கடிதத்தில் "ஆலோசகர்", "அசோசியேட்" என்றெல்லாம் போட்டிருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பங்கு காகிதம், அது காசாக வேண்டும். பட்டியலிடாத நிறுவனத்தின் பங்கை வாங்க நடைமுறையில் பெரும்பாலும் ஒரே ஆள் அந்த நிறுவனம்தான். அமெரிக்கச் சட்டம் இதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. சந்தையில் விற்க முடியாத பங்கை ஊழியர் கையில் கொடுத்தால், அதை நியாயமான விலைக்குத் திரும்ப வாங்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு, விலையை வெளி மதிப்பீட்டாளர் வருடாவருடம் சொல்ல வேண்டும். அப்படியிருந்தும் பணம் உடனே வராது. இடையில் விலகியவருக்கு ஐந்து வருடம் கழித்துப் பட்டுவாடாவை ஆரம்பித்து, அதன்பின் பல தவணைகளாகக் கொடுக்கவும் இடம் இருக்கிறது. சட்டம் கடுமையாக இருக்கிற இடத்திலேயே இப்படி என்றால், வெறும் ஒப்பந்தத்தை நம்பி நிற்கும் இடங்களில் என் வாடிக்கையாளர் மாதிரி "விரும்பினால்" என்ற சொல்லோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் மாதாமாதம் சந்தா வரும், அதிலிருந்து நாலு பேருக்குப் பங்குப் பணத்தைக் கொடுத்துவிடலாம். கட்டுமான நிறுவனத்தின் சொத்து எங்கே இருக்கிறது? வாங்கிப் போட்ட மனையில், பாதி எழும்பிய கட்டடத்தில், விற்காமல் கிடக்கும் வீடுகளில். புத்தகத்தில் எல்லாம் சொத்து. மதிப்பீட்டாளர் வந்து, மனையின் விலை ஏறியிருக்கிறது என்று எழுதினால் உங்கள் பங்கின் மதிப்பும் ஏறும், மீட்டிங்கில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் கூடியிருக்காது. நல்ல காலத்தில் யாரும் விலக மாட்டார்கள். சந்தை விழுந்து, வீடுகள் தேங்கி, கமிஷன் வற்றும்போதுதான் ஆட்கள் வெளியேறுவார்கள் அல்லது வெளியேற்றப்படுவார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் பங்கைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். நிறுவனத்திடம் காசு மிகக் குறைவாக இருக்கும் நேரமும் அதுதான். வேலை, பங்கு, பெரும்பாலும் கடனில் வாங்கிய சொந்த வீடு, மூன்றும் ஒரே சந்தையைப் பிடித்துத் தொங்குகின்றன. இந்தத் துறையில் இருப்பவர்கள் சேமிப்பைக்கூட மனையிலேயே போடுகிறார்கள், என்ன சொல்லி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

தனித்து விற்கவோ கணக்கில் சேரவோ பங்கே தராத அமைப்பும் இருக்கிறது. பிரிட்டனின் ஜான் லூயிஸ் பார்ட்னர்ஷிப்பில் 1929 முதல் பங்குகள் டிரஸ்டிடம், ஊழியருக்கு வருடாந்திர போனஸ். விலகும்போது தூக்கிக்கொண்டு போக எதுவும் இல்லை, ஆகவே திரும்ப வாங்கும் தலைவலியும் இல்லை. லாபம் இல்லாவிட்டால் போனஸும் இல்லை. 1953-க்குப் பிறகு முதல் முறையாக 2021-இல் அப்படி ஒரு வருடம் வந்தது. என் சொந்த அபிப்பிராயம், நிலத்தில் பணம் முடங்கும் தொழிலுக்கு இந்த வகைதான் பொருத்தம். கனவு சிறியது, ஏமாற்றமும் சிறியது.

பெரிய கனவு எப்படி முடியும் என்பதற்கு சாம் ஜெல்லின் கதை இருக்கிறது. கட்டடங்களை வாங்கி விற்றே கோடீஸ்வரர் ஆனவர். 2007-இல் டிரிப்யூன் என்ற அமெரிக்கப் பத்திரிகைக் குழுமத்தை ஈசாப் வழியாகக் கைப்பற்றினார். அவர் போட்டது 31.5 கோடி டாலர், மிச்சம் பெரும்பாலும் கடன், உரிமையாளர் என்ற பெயர் ஊழியர்களின் டிரஸ்டுக்கு. யாரும் ஊழியர்களிடம் வாக்குக் கேட்கவில்லை. 2008 டிசம்பரில், கைமாறி ஒரு வருடம்கூட முழுதாக ஓடாத நிலையில், சுமார் 1300 கோடி டாலர் கடனோடு நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பங்கு பூஜ்யம்.

விழுமியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. "வெளிப்படைத்தன்மை" என்று சுவரில் எழுதியிருந்தால் நான் அந்த வருடத்து மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்பேன், இன்னும் ஐந்து வருடத்தில் எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள், அவர்களின் பங்கை வாங்க எவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்பேன். இந்தக் கேள்விக்கு ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டிய நிறுவனமும் உண்டு, தேநீர் வரவழைத்துப் பேச்சை மாற்றிய நிறுவனமும் உண்டு. வீடு வாங்குபவர்களுக்கும் சொல்கிறேன், ஊழியர்களுக்குச் சொந்தம் என்பதால் பத்திரமும் வில்லங்கமும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போடும் ஊழியருக்கும் அந்த விற்பனையில் லாபம் இருக்கிறது.

இந்தியாவில் பங்கு கிடைக்கிறவர்கள் வரியையும் கணக்கில் எடுங்கள். இங்கே ஈசாப் என்றால் டிரஸ்ட் வழி இல்லை, குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை. கம்பெனிச் சட்டப்படி அதை ஒதுக்கியதற்கும் உரிமை கைக்கு வருவதற்கும் இடையில் குறைந்தது 1 வருடம். அதைப் பயன்படுத்திப் பங்கை வாங்கும்போது, சந்தை மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகவே கருதப்பட்டு வரி பிடிக்கப்படும். பங்கை விற்க முடியாது, காசும் வரவில்லை, வரி மட்டும் கட்டியாயிற்று என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காக்கி உறைக்காரரின் விஷயத்தில் இரண்டு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. புதிதாக மதிப்பீடு செய்ய நிறுவனம் ஒப்புக்கொண்டது, விலை அவர் நினைத்ததைவிடக் குறைவாக வந்தது, நான்கு தவணை என்று பேசி முடித்தோம். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதற்கு, கட்டி முடித்த வீடுகளில் சில விற்க வேண்டுமாம். போன வாரம் அவரே போன் செய்து, தெரிந்தவர்கள் யாராவது வீடு தேடுகிறார்களா என்று என்னிடம் கேட்டார்.