ஓட ஓட வேகம் கூடும் ஜாவா

“ஜாவாவில் எழுதிய சர்வர் நிரல் தொடங்கியதும் திணறுகிறது, கொஞ்ச நேரத்தில் பறக்கிறது. ஏன்?” என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார்.

ஜாவா 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட நிரல் மொழி. 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜாவாவின் மொழிமாற்றியான கம்பைலர் நம் நிரலைப் பைட்கோடு என்ற இடைநிலைக் கட்டளைகளாக மாற்றும், ஜேவிஎம் என்ற மென்பொருள் அவற்றை இயக்கும். இதெல்லாம் பாடத்திலேயே இருக்கிறது. பைட்கோடை ஒவ்வொரு கட்டளையாகப் படித்துச் செய்வதால்தான் தொடக்கத்தில் அந்தத் திணறல்.

அப்புறம் ஹாட்ஸ்பாட் வேலையைத் தொடங்குகிறது. ஜேவிஎம்முக்குள் இருக்கும் இந்தப் பொறி, எந்த மெத்தட் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் சிறு பகுதி) எத்தனை முறை அழைக்கப்படுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஹாட்ஸ்பாட்டின் சர்வர் வகையில் நெடுங்காலம் இயல்பான வரம்பு 10,000 அழைப்புகள். அதைத் தாண்டிய மெத்தடை மட்டும், நிரல் ஓடும்போதே, புராசஸரின் சொந்த மொழிக்கு மாற்றிவிடும்.

இதில் என்னைச் சொக்க வைப்பது அதன் துணிச்சல். ‘பரப்பு’ என்ற மெத்தடுக்கு வட்டமும் வரலாம், சதுரமும் வரலாம். இதுவரை வட்டம் மட்டுமே வந்திருந்தால், இனியும் அதுதான் வரும் என்று ஊகித்து, வட்டத்தின் கணக்கை அந்த இடத்திலேயே பதித்துவிடும். காவலுக்கு ஒரு சிறு சோதனை மட்டும் இருக்கும். திடீரென ஒரு சதுரம் வந்தால்? பாதிக் கணக்கில் நிற்கும் மாறிகளின் மதிப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பழைய பைட்கோடில் தொடரும். விடை பிசகாது.

இந்தப் பின்வாங்கும் வித்தை ஜாவாவுக்காகப் பிறந்ததே அல்ல. டேவிட் அங்கரும் ராண்டல் ஸ்மித்தும் 1986-இல் ஜெராக்ஸ் பார்க் என்ற ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்த செல்ஃப் என்ற மொழிக்காக, வேகப்படுத்திய நிரலிலும் பிழை தேட வசதியாக இருக்கட்டும் என்று உருவானது. அந்த ஆராய்ச்சி பிறகு ஸ்டான்ஃபோர்டிலும் சன்னிலும் வளர்ந்தது. செல்ஃபைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர். சன் அதை 1995-இல் நிறுத்தியது. அதில் உழைத்தவர்கள் சிலர் சேர்ந்த அனிமார்ஃபிக் என்ற சிறு நிறுவனத்தை 1997-இல் அதே சன் விலைக்கு வாங்க, 1999-இல் ஹாட்ஸ்பாட் வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பவரிடம் “உடனடிப் பயன் என்ன?” என்று மட்டும் கேட்பது தவறு என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சரி, அந்த மாணவிக்கு ஒன்று: வேகத்தை அளக்கும் முன் நிரலைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். ‘பிரிண்ட்கம்பைலேஷன்’ தேர்வோடு இயக்கினால், எந்தெந்த மெத்தட் எப்போது மாறுகிறது என்பது திரையில் வரிவரியாக ஓடும். ‘மேட் நாட் என்ட்ரன்ட்’ (இனி இதற்குள் நுழைய முடியாது) என்று முடியும் வரிகளைக் கவனியுங்கள். அவற்றில் சில, ஊகம் பொய்த்து ஹாட்ஸ்பாட் பின்வாங்கிய இடங்கள்.