மணல்திட்டுக்குப் போக நாள் பார்ப்பது எப்படி?

மாலத்தீவில் ஆளில்லாத மணல்திட்டு ஒன்றில் ஒரு பகல் கழிக்க ஆசையா? படகுக்குச் சொல்லும் முன், அமாவாசையும் பௌர்ணமியும் என்றைக்கு வருகின்றன என்று நாள்காட்டியில் பாருங்கள். அங்கே இருப்பது கடலுக்கு மேல் கொஞ்சமே தலைநீட்டும் வெள்ளை மணல்தான். அதன் நீளம், அகலம், சில சமயம் அது இருக்கும் இடம்கூட நிலாவும் காற்றும் தீர்மானிப்பவை. உள்ளூர் மொழியில் அதற்கு ஃபினொளு என்று பெயர். போய்வரும் படகின் பெயர் நமக்குப் பழகியதுதான்: தோணி.

மாலத்தீவில் மணலைக் கொண்டுவர ஆறே கிடையாது. மணல் முழுக்கப் பவளத்திட்டிலிருந்து, அதாவது பவள உயிர்கள் கடலுக்குள் கட்டிய பாறையிலிருந்து வந்தது. பாறையில் படரும் பாசியைத் தின்ன வரும் கிளிமீன், அலகு போன்ற பல்லால் செத்த பவளத்தையும் சேர்த்துக் கொறிக்கிறது. தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு பல்வரிசை அதைப் பொடியாக அரைக்கிறது. சத்து உடம்பில் சேர, மீதி மணலாக வெளியேறுகிறது. பா அட்டோல் என்ற வளையவடிவப் பவளத்தீவுக் கூட்டத்தில் வக்கரு என்ற தீவைச் சுற்றி நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அங்கே பவளத்திட்டில் ஆண்டுதோறும் புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்கள் தந்தது என்று அது கண்டது. கால் நீட்டி உட்காரும் மணல் ஒரு மீனின் வயிற்றைக் கடந்து வந்தது என்பதில் எனக்கு வியப்பு இன்னும் தீரவில்லை.

இந்த மணலைத் திட்டாகக் குவிப்பது அலை. பவளத்திட்டின் விளிம்பில் முட்டியதும் அலை வேகம் குறைந்து வளைகிறது. இருபுறமும் சுற்றி வந்த அலைகள் மறுபக்கம் சந்திக்கும் இடத்தில் நீரின் பலம் அடங்கி, சுமந்து வந்த மணலைப் போட்டுவிடுகிறது. மே முதல் நவம்பர் வரை பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, அப்புறம் ஏப்ரல் வரை வடகிழக்கு. காற்று மாறினால் அலைகள் சந்திக்கும் இடமும் நகரும், மணலும் கூடவே போகும். அதே பா அட்டோலில் 13 தீவுகளின் கரையை அளந்தவர்கள், பருவத்துக்குப் பருவம் மணல் தீவைச் சுற்றி இடம் மாறுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மரம் வேர்பிடித்த தீவுக்கே இந்த நிலை என்றால் வெறும் திட்டுக்குக் கேட்க வேண்டுமா? ஆறு மாதம் பழைய படத்தைப் பார்த்து இடம் முடிவு செய்யாதீர்கள்.

சரி, நிலாவுக்கு வருவோம். கடல் ஒருமுறை ஏறி வற்றி மறுபடி ஏற சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம். அங்கே அது ஏறக்குறைய ஒரு மீட்டர். அவ்வளவுதானே என்று தோன்றும். கரை 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் இருந்தால், அந்த ஒரு மீட்டர் நீர் ஒவ்வொரு பக்கமும் 20 மீட்டர் மணலை விழுங்கிவிடும். வற்றிய நேரத்தில் 50 மீட்டர் அகலமாக இருந்த திட்டு, ஆறே மணி நேரத்தில் 10 மீட்டர் ஆகிவிடும். தாழ்வான திட்டு முழுதாக மூழ்கும். பௌர்ணமியன்று பெரிய திட்டு கிடைக்கும், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு. அஷ்டமியை ஒட்டிப் போனால் திட்டு அவ்வளவு விரியாது, ஆனால் பகல் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் அஷ்டமியைத்தான் சொல்வேன்.

நீர் நன்றாக வற்றிய வேளையில் தோணி பவளத்திட்டைத் தாண்ட முடியாது, அடி தட்டும். வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கி, ஏறத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் கிளம்புவது நல்லது. இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

குடிநீர் முழுவதையும் கையோடு கொண்டுபோங்கள். பெரிய தீவுகளில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, எடை குறைவு என்பதால் உப்புநீர் மேல் மிதந்து நிற்கும்; கிணறு தோண்டினால் கிடைக்கும். ஒடுக்கமான திட்டில் கடல்நீர் இருபுறமும் புகுந்து அதைக் கலக்கிவிடுகிறது. பவள மணல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் பாதத்தை அதிகம் சுடாது, ஆனால் அந்த வெயில் கீழிருந்து முகத்தில் அடிக்கும். குடை மட்டும் போதாது, முழுக்கைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்.

ஆலா என்ற கடற்பறவைகள் கூடு கட்டாமல் வெறும் மணலில் முட்டையிடும். முட்டை கண்ணுக்கே தெரியாது. பறவைகள் தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் அந்தப் பக்கம் நடக்காமல் திரும்பிவிடுங்கள். மணலையும் பவளத்தையும் நாட்டைவிட்டு எடுத்துப்போக மாலத்தீவில் தடை இருக்கிறது. தோணியில் ஏறும் முன் பையை அங்கேயே உதறிவிடுங்கள்.