ஒன்பது மணிக் கூட்டமும் ஆறு மணி ஷிப்டும்

வட சென்னையில் மணலி, மாதவரம், திருவொற்றியூர் வட்டாரத்து ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் உற்பத்தி ஆலோசகராகப் போய்வருகிறேன். வேலை ஏன் தேங்குகிறது என்று பார்க்கச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் முதலில் கேட்பது இதுதான்: காலை ஒன்பது மணிக்கு உங்கள் சூப்பர்வைசர்கள் எங்கே இருப்பார்கள்? அநேகமாக எல்லா இடத்திலும் ஒரே பதில். மாடியில், ஏசி அறையில், மேலாளர் முன்னால்.

மாதவரத்துக் கிடங்கு ஒன்றில் அந்த நேரத்தில் கேட்டருகே நின்று பார்த்தேன். சரக்கு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, லாரிகள் வரிசையாக நிற்கின்றன. கேட் பாஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் கூட்டத்தில் இருக்கிறார். குமாஸ்தா போன் அடிக்கிறார். கூட்டத்தில் போனை எடுக்கக் கூடாது என்பது உத்தரவு. ஓட்டுநர்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்குகிறார்கள். ஒருவழியாகக் கையெழுத்து வந்தபோது ஓட்டுநர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மேலே அன்று பேசிய பொருள் என்ன தெரியுமா? வண்டிகள் ஏன் தாமதமாக வெளியேறுகின்றன என்பது!

பன்னிரண்டு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பன்னிரண்டு மணி நேரம் போயிற்று என்று கணக்குச் சொல்வார்கள். அது சின்னக் கணக்கு. அவர்கள் இல்லாத இடத்தில் என்னென்ன நின்றுபோயின என்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இரவு ஷிப்ட் முடித்தவர் பாடு இன்னும் மோசம். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டியவரை, விளக்கம் சொல்லிவிட்டுப் போகச் சொல்லி ஒன்பது மணிக் கூட்டம் வரை நிறுத்திவைக்கிறார்கள். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டிப்பு ஊதியம் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கூட்டத்தில் உட்கார்ந்த நேரத்துக்கு ஓவர்டைம் போட்ட நிர்வாகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. அந்த மண்ணில் நின்றுகொண்டு தொழிலாளியின் நேரத்தை இலவசமாக எடுத்துக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் உண்மையில் நடக்க வேண்டிய கூட்டம் ஒன்று ஆறு மணிக்கு இருக்கிறது: ஷிப்ட் ஒப்படைப்பு, அதாவது ஷிப்ட் முடித்தவர் வேலையின் நிலவரத்தை அடுத்து வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போவது. போகிறவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். வருகிறவர் அப்போதுதான் வண்டியை நிறுத்துகிறார். 'எல்லாம் சரி' என்ற இரண்டு சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. ரிஜிஸ்டரிலும் அதுவேதான்.

வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை 1988 ஜூலை 6 அன்று வெடித்து 167 பேர் இறந்தார்கள். பழுதுபார்ப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்த தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும், வால்வு கழற்றிய இந்தப் பம்பை இயக்கிவிட்டார்கள். ரசாயனமும் எரிவாயுவும் குழாய்களில் ஓடும் எண்ணூர், மணலிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது, இரண்டு ஷிப்டும் சேர்ந்து நிற்கும் கால் மணி நேரம், அதற்குச் சம்பளமும். இயந்திரத்தின் பக்கத்திலேயே பேச வேண்டும்: எது கழற்றிக் கிடக்கிறது, எது பாதியில் நிற்கிறது, எந்தச் சத்தம் புதிது. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் தமிழில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். அவர்கள் மொழியில் திருப்பிச் சொல்லும்போதுதான் புரிந்ததா என்பது தெரியும்.

மேலாளரின் கூட்டத்தைப் பதினொரு மணிக்குத் தள்ளலாம். முடிவெடுக்க வேண்டியவர்கள் மட்டும் வந்தால் போதும். "அப்படியானால் கீழே நடப்பது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது காலை ஆறு மணிக்கு வந்து, வாய் திறக்காமல் அந்தக் கால் மணி நேரம் நின்று பாருங்கள் என்கிறேன். பாதிப் பேர் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை.