ஒடிமுறிவு: உருக்குக் குழாயை இடித்துப் பார்க்கும் சோதனையும் அதன் பெயரும்

எரிவாயுக் குழாய்க்கான ஆலைச் சான்றிதழைக் கையில் எடுத்தால், இரசாயனச் சேர்க்கை, இழுவை வலிமை எல்லாம் தாண்டி ஓரிடத்தில் ‘டி.டபிள்யூ.டி.டி.’ என்று இருக்கும். அதற்கு நேரே ஒரு வெப்பநிலை, பக்கத்தில் ஒரு சதவீதம். விரித்தால் ‘டிராப் வெயிட் டியர் டெஸ்ட்’. கொழும்பில் குழாய் வேலை பார்க்கிற நம்மவர்கள் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தமிழில் அறிக்கை எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

சோதனை எதைத் தேடுகிறதோ அதன் பெயர் ‘பிரிட்டில் ஃபிராக்சர்’. முதற்சொல் பழைய ஆங்கிலத்தில் உடைத்தலைக் குறித்த ஒரு வினையிலிருந்து வந்தது. இரண்டாவது இலத்தீன், அதற்கும் உடைத்தல்தான் பொருள். ஆக, ஆங்கிலச் சொற்றொடரின் வேரைத் தோண்டினால் ‘உடையும் உடைவு’ என்றுதான் வரும். நமக்கு அதில் பெரிய உதவி இல்லை.

நம் பாடப்புத்தக வழக்கு ‘நொறுங்கும் தன்மை’. அதிலிருந்து ‘நொறுங்கு முறிவு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பொருந்தவில்லை. அப்பளம் நொறுங்கும், வண்டிக் கண்ணாடி நொறுங்கும்; இரண்டும் தூள்தூளாகப் போகும். குளிரில் முறியும் உருக்குத் தகடு அப்படிப் போவதில்லை. வளையாமல், மெலியாமல், முன்னறிவிப்பே இல்லாமல் பட்டென்று இரண்டாகும். அதற்குத் தமிழில் தனி வினை இருக்கிறது: ஒடிதல். முருங்கைக் கொப்பு ஒடிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாரம் தாங்காமல் வண்டியின் அச்சு முறிவதை வள்ளுவர் ‘இறும்’ என்றார். அழகான வினைதான், ஆனால் இன்று பேச்சில் இல்லை. ஆகவே என் தேர்வு ‘ஒடிமுறிவு’. இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது கிழிதல். சேலை கிழிவதுபோல உருக்கும் கிழியும்: இழுபட்டு, ஓரம் மெலிந்து, சக்தியை விழுங்கி விழுங்கித்தான் பிரியும். சோதனையின் ஆங்கிலப் பெயரிலும் கிழிசல்தான் இருக்கிறது, ஒடிவு இல்லை. கிழிந்தால் தேர்ச்சி, ஒடிந்தால் தோல்வி.

சரி, எப்படிச் செய்கிறார்கள்? குழாய்ச் சுவரிலிருந்து 305 மில்லிமீட்டர் நீளம், 76 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டுவார்கள். தடிப்பைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரு விளிம்பில் கூரான உளியை அழுத்தி, சுமார் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுவடு பதிப்பார்கள். பிறகு உலர்பனி போட்ட அற்ககோலில் அமிழ்த்திக் குளிரூட்டுவார்கள். குறைந்தது 15 நிமிடம். வெளியே எடுத்து 10 வினாடிக்குள் அடி விழுந்துவிட வேண்டும், இல்லையென்றால் துண்டு சூடேறிவிடும். வெட்டுவடு கீழே பார்க்க, இரு தாங்கிகள் மேல் துண்டை வைத்து, மேலிருந்து பாரமான சம்மட்டியை விடுவார்கள். வேகம் வினாடிக்கு 5 மீட்டருக்குக் குறையாது. ஒரே அடி.

அப்புறம்தான் உண்மையான வேலை. முறிந்த முகத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். கிழிந்த பகுதி மங்கிய சாம்பல் நிறம், நார்நாராக, சாய்வாக இருக்கும். ஒடிந்த பகுதி தட்டையாக, சீனிப் பரல் ஒட்டியதுபோல மினுங்கும். இரண்டு முனையிலும் ஒரு தடிப்பளவைக் கழித்துவிட்டு, மிச்சப் பரப்பில் கிழிந்தது எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவார்கள். சான்றிதழில் இருந்த எண் அதுதான். வழக்கமாக அது 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

இந்தச் சோதனை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பட்டெல் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. காரணம் இருந்தது: 1960இல் அங்கே ஓர் எரிவாயுக் குழாயில் விழுந்த ஒடிமுறிவு சுமார் 13 கிலோமீட்டர் ஓடித்தான் நின்றது. குழாய் வெடித்ததும் உள்ளே அழுத்தம் இறங்கும் அலை, இயற்கை வாயுவில் வினாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் போகும். ஒடிமுறிவு அதைவிட வேகமாக ஓடக்கூடியது. அழுத்தம் குறைவதற்குள் வெடிப்பு முன்னே போய்விடுவதால் அது நிற்பதற்குக் காரணமே இல்லை. கிழிசல் மெதுவாக நகரும். அலை பெரும்பாலும் அதை முந்திவிடும். எண்ணெய்க் குழாயில் கதை வேறு. திரவத்தில் அலை வெகு விரைவாகப் போய் அழுத்தத்தை இறக்கிவிடும் என்பதால், கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்துக்குப் போகும் குழாய்களுக்கு இந்தப் பயம் அவ்வளவு இல்லை.

கொழும்பு வெக்கையில் உருக்கை ஒடியவைக்கும் குளிர் எங்கே வரும் என்று கேட்கலாம். ஹோட்டல் சமையலறையில் பெரிய அடுப்புகள் நாலைந்து ஒரே காஸ் சிலிண்டரில் எரியும்போது அதன் கீழ்ப்பாதியைத் தொட்டுப் பாருங்கள். முதலில் வியர்க்கும், பிறகு வெள்ளையாக உறைபனி படியும். உள்ளே திரவமாக இருக்கும் காஸ் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துப் போகிறது. உயர் அழுத்தக் குழாயில் வாயுவை அவசரமாக வெளியேற்றும்போதும் குளிர் வரும்; அங்கே வாயு சட்டென்று விரிவதுதான் காரணம். கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டி மின்நிலையத்துக்கு இயற்கை வாயு கொண்டுவரும் பேச்சு வருடக்கணக்காக நடக்கிறது. வந்தால், திரவமாக வருவது மறை 162 பாகை செல்சியஸில். அந்தக் குளிருக்குச் சாதாரண உருக்கு ஆகவே ஆகாது. நிக்கல் சேர்த்ததோ கறையில் உருக்கோதான் வேண்டும்.

பெயருக்கு வருவோம். ‘வெயிட்’ என்பதற்கு ‘எடை’யும் சரி, ஆனால் நமக்குக் கைவந்தது ‘நிறை’. ‘விழுநிறைக் கிழிசல் சோதனை’ என்று எழுதலாம். ‘கிழிசல்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘டிராப் வெயிட் டெஸ்ட்’ என்று இன்னொன்று இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பெல்லினி கொண்டுவந்தது, ஒடியத் தொடங்கும் வெப்பநிலையை மட்டும் தேடுவது. அது ‘விழுநிறைச் சோதனை’. பிரெஞ்சுக்காரர் ஷார்ப்பியின் பெயரில் உள்ளது ‘ஷார்ப்பி மோதல் சோதனை’. அதில் துண்டு வெறும் 10 மில்லிமீட்டர் தடிப்பு, ஊசல் சம்மட்டி அடிக்கும், விழுங்கிய சக்தி யூலில் வரும். தடித்த உருக்கு, மெல்லியது ஒடியும் அளவுக்குக் குளிராதபோதே ஒடியத் தொடங்கும் என்பதால், 20 மில்லிமீட்டர் சுவருள்ள குழாய்க்கு ஷார்ப்பி எண்ணை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள். விழுநிறைக் கிழிசல் சோதனையின் சதவீதத்தையும், அது எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.