மலையில் பழைய அம்புலிமாமா சேர்ப்பவர்களுக்கு

நீலகிரியில் பழைய சிறுவர் இதழ் சேர்ப்பவர்களுக்கு, வாங்கும்போது கொடுக்கும் காசோடு செலவு முடிந்துவிடுவதில்லை. குன்னூர்ப் பக்கம் பழைய இதழ்களைப் பராமரிப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. ஐப்பசி மழை ஓய்ந்ததும் பையோடு வருபவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். கோயம்புத்தூரில் வாங்கியபோது நன்றாக இருந்ததாம், பீரோவில் பத்திரமாக வைத்தார்களாம், இப்போது அட்டையெல்லாம் பூசணம். கொடுத்த விலையைவிட அதைச் சரிசெய்யும் கூலி அதிகமாகிவிடும். கையில் குறைந்த காசு வைத்துக்கொண்டு ஆசையாகச் சேர்ப்பவர்களுக்கு இது நடக்கக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில், எதைச் சேர்க்கப் போகிறோம் என்பதைச் சுருக்கிக்கொள்ளுங்கள். அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கிய மாத இதழ். முதல் சில வருட இதழ்களுக்கு வியாபாரிகள் சொல்லும் விலை சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் உங்களுக்குப் பிடித்தது ஓவியர் சங்கரின் விக்கிரமனும் வேதாளமும் என்றால், 50-களின் இதழைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1952-இல் அங்கே சேர்ந்தவர், இதழ் நின்றுபோகும்வரை வரைந்தவர். 80-களின் இதழிலும் அதே கோடு இருக்கிறது, விலையோ பல மடங்கு குறைவு. அழ. வள்ளியப்பா ஆசிரியராக இருந்த காலத்துக் கோகுலம், 1984-இல் தொடங்கிய வாண்டுமாமாவின் பூந்தளிர் என்று ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். காமிக்ஸ் கதை மட்டும் போதும் என்பவர்களுக்கு முத்து, லயன் காமிக்ஸின் பழைய கதைகள் மறுபதிப்பாக வந்திருக்கின்றன. தமிழ் மின்நூலகத்தில் பழைய இதழ்கள் பலவற்றை இலவசமாகவே படிக்கலாம்.

வாங்குவதற்கு உக்கடம் பழைய புத்தகக் கடைகளுக்குத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். மலையிலேயே இருப்பதை விட்டுவிடுகிறோம். அருவங்காட்டிலும் ஊட்டி இந்து நகரிலும் ஆலைக் குடியிருப்புகளில் ஒரு தலைமுறை முழுக்கக் குழந்தைகள் வளர்ந்தன. ஓய்வு பெற்று வீடு காலி செய்யும்போது பரணில் கிடந்தது அப்படியே பழைய பேப்பர் கடைக்கு எடை போடப் போகும். அந்தக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கிலோ விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து வாங்கிவிடலாம். எஸ்டேட் வீடுகளிலும் கேளுங்கள். அடுப்புக்கு மேல் பரணில் இருந்தவை புகையேறிக் கறுத்திருந்தாலும் காய்ந்து இருக்கும். கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் இருந்தவை பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும், உள்ளே ஈரம் கோத்திருக்கும். நான் கறுத்ததைத்தான் எடுப்பேன்.

கையில் எடுத்ததும் பிரித்து நடுப்பக்கத்தைப் பாருங்கள். தாள்களைச் சேர்த்துக் குத்திய கம்பிப் பின் துருப்பிடித்து, சுற்றிலும் தாள் பழுப்பாகி, தொட்டால் உதிர்கிறதா? அப்புறம் முதுகுப் பக்கத்தைக் கிட்டே வைத்துப் பாருங்கள். மாவு தூவியதுபோல் இருந்தால் அது தூங்குகிற பூசணம், துடைத்துச் சரிசெய்யலாம். தொட்டால் பிசுபிசுவென்று இழுபட்டால் உயிரோடு இருக்கிறது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒன்று வந்தால் பீரோவில் உள்ள எல்லாவற்றுக்கும் பரவும். பைண்டு செய்த தொகுப்பு என்றால் அட்டைகளும் விளம்பரப் பக்கங்களும் உள்ளே இருக்கின்றனவா, ஓரம் வெட்டியதில் எழுத்து போயிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிக் கூப்பன் வெட்டிய பக்கத்தின் பின்புறம் ஒரு கதையின் முடிவு போயிருக்கலாம். இவையெல்லாம் விலையைக் குறைத்துக் கேட்க நியாயமான காரணங்கள்.

இனி வீட்டில். இந்த இதழ்களில் பெரும்பாலானவை மலிவான மரக்கூழ்த் தாள். அதில் லிக்னின் என்ற மரச்சத்து இருப்பதால் வெளிச்சம் பட்டாலே மஞ்சளாகும், உள்ளேயே அமிலம் ஊறி நொறுங்கும். அதோடு நம் ஊர் மழைக்காலம் சேர்கிறது. காற்றின் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றாலே பூசணத்துக்குப் போதும். கூடலூரில் ஆனி, ஆடியிலும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையிலும் அது சாதாரணம். அதனால் மழையில் வாங்கிய இதழை உடனே பாலிதீன் உறையில் போட்டு ஒட்டாதீர்கள். அந்த ஈரத்தையும் சேர்த்து அடைக்கிறீர்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள். இரும்பு பீரோவுக்குள் பல்பு எரியவிடும் பழக்கம் இங்கே உண்டு, காகிதத்தோடு அது ஆபத்து. கணப்புப் பக்கத்திலோ வெயிலிலோ காயப்போடவும் வேண்டாம். நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கங்களுக்கிடையே மை ஒற்றும் தாள் வைத்துக் காயவிட்டால் போதும். தை முதல் பங்குனி வரை காற்று வறண்டிருக்கும். ஒவ்வொரு இதழையும் வெளியே எடுத்துக் காற்றாட விடுவதற்கு அதுதான் காலம். பூசணத்தைத் துடைப்பதென்றால் வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டு, மென்மையான தூரிகையால் மட்டும் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதில் கையே வைக்க வேண்டாம்.

துருப்பிடித்த பின்னை எடுப்பது பொறுமையான வேலை. இதழை நடுவில் விரித்து, மொட்டைக் கத்தியால் பின்னின் இரு கால்களையும் மெதுவாக நிமிர்த்துங்கள். வெளிப்பக்கமிருந்து பிடித்து நேராக இழுங்கள், ஆட்டினால் தாள் கிழியும். பிறகு அதே துளைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து உள்ளே முடிச்சுப் போட்டுவிடுங்கள். நூலுக்குச் சில ரூபாய்தான் செலவு, துருப் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

செலோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாக நிற்கும், அதை எடுக்க எங்களால்கூட முழுதாக முடிவதில்லை. லேமினேஷனும் அப்படித்தான். பைண்டிங் கடைக்குப் போனால் மயில்துத்தம் கலந்த பசை வேண்டாம் என்று சொல்லுங்கள், பூச்சி வராது, ஆனால் தாளுக்கு நல்லதல்ல. அந்துருண்டைக்குப் பதில் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு வையுங்கள். சுவடிகளைத் துணியில் சுற்றி வைத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்தானே. சிலிக்கா ஜெல் ஈரம் குடித்துவிட்டால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போடலாம், ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. எந்த மாதம், எந்த வருடம், எந்தப் பக்கம் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரட்டையாக வாங்கிக் காசு வீணாவது இதனால்தான் நிற்கும். வீடு மாறும்போதோ பிள்ளைகளுக்கு ஆர்வமில்லாதபோதோ, சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்பதற்கும் அந்த நோட்டுதான் முதலில் வேண்டும்.